ஆயிரம் ரூபாயில் மூச்சுப் பட்டை: செய்முறையும் சொதப்பும் இடங்களும்

காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டரைத் தேடுகிறோம். கொரோனாவுக்குப் பிறகு ஆக்சிஜன் பார்க்கும் விரல் கிளிப்பும் பல வீட்டு அலமாரிகளில் ஏறிவிட்டது. ஆனால் "நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு விடுறாங்க?" என்று டாக்டர் போனில் கேட்டால் பதில் சொல்ல வீட்டில் கருவி கிடையாது. கண்ணால் பார்த்து எண்ணலாம்தான். தன் மூச்சை யாரோ எண்ணுகிறார்கள் என்று தெரிந்த நொடியிலேயே மூச்சின் போக்கு மாறிவிடும் என்பதுதான் தொல்லை.

மார்பைச் சுற்றிக் கட்டும் எலாஸ்டிக் பட்டை, அதற்குள் தபால்தலை அளவில் வளையும் சென்சார், ஈஎஸ்பி32 என்ற வைஃபை வசதியுள்ள குட்டிக் கணினி போர்டு. இந்த மூன்றையும் வைத்து மூச்சு எண்ணிக்கையைத் தொடர்ந்து காட்டும் கருவியைச் செய்யும் முறை இது. சால்டரிங் அயர்ன் பிடிக்கவும் ஊசியில் நூல் கோக்கவும் தெரிந்தால் போதும், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும்.

எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது

இங்கே பயன்படுத்தப்போவது வெலோஸ்டாட் என்ற வணிகப் பெயரில் விற்கும் கருப்பு ஷீட். பாலித்தீனில் கரித்தூளைக் கலந்து தயாரிப்பது. கனம் சுமார் 0.1 மி.மீ. அழுத்தினால் மின்தடை குறையும், விட்டால் ஏறும். மின்முனைக்கும் ஷீட்டுக்கும் இடையே உரசும் பரப்பு கூடுவதும், உள்ளே கரித்துகள்கள் நெருங்குவதும்தான் காரணம்.

இந்த ரகப் பொருட்களிடம் 'எவ்வளவு' என்று கேட்டால் தடுமாறும். 'எப்போது' என்று கேட்டால் சரியாகச் சொல்லும். ஒரே எடையை அதன்மேல் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் வேறு எண் காட்டும். பாலித்தீன் மெதுவாக அமுங்கிக்கொண்டே போவதும், உடம்புச் சூடு ஏறுவதும் அளவைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆனால் அந்தச் சரிவின் மேல் ஏறி இறங்கும் மூச்சலை எந்த நொடியில் ஏறியது, எந்த நொடியில் இறங்கியது என்பதில் பிசகு இருக்காது. ஆகவே மூச்சு எண்ணிக்கை, காலடி எண்ணிக்கை, படுத்தவர் எத்தனை முறை புரண்டார் என்பதெல்லாம் இதற்கு ஏற்ற வேலைகள். நுரையீரலுக்குள் எத்தனை மில்லிலிட்டர் காற்று போனது, ரத்த அழுத்தம் எவ்வளவு என்பது போன்ற கேள்விகளை இதனிடம் கேட்கவே கூடாது. மலிவு சென்சாரை வைத்துச் செய்யும் திட்டங்களில் பாதி இந்த இடத்தில்தான் தடம் மாறுகின்றன.

வேறு வழிகளும் உண்டு. ஹார்வர்டில் வைட்சைட்ஸ் ஆய்வுக் குழு 2016-இல் முகக்கவசத்துக்குள் சாதாரணக் காகிதத்தை வைத்து, வெளிமூச்சின் ஈரத்தைக் காகிதம் உறிஞ்சும்போது மாறும் மின்னோட்டத்தை வைத்தே மூச்சை எண்ணிக் காட்டியது. மிசௌரி பல்கலைக்கழகத்தார் 2020-இல் பென்சிலால் காகிதத்தில் கோடு இழுத்தே உடலில் ஒட்டும் சென்சார்களைச் செய்தார்கள். இரண்டும் அழகான யோசனைகள். வீட்டில் செய்யும்போதோ காகிதத்தின் மின்தடை மிக அதிகம், அதைப் படிக்கத் தனிச் சுற்று வேண்டும். பென்சில் கோடு மடித்து மடித்து விரிசல் விடலாம். முதல் முயற்சிக்கு வெலோஸ்டாட்தான் தோதானது.

வாங்க வேண்டியவை

வெலோஸ்டாட் ஷீட் ஒன்று. 28 × 28 செ.மீ. அளவில் ஆன்லைனில் கிடைக்கும். எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் 'ஆன்டிஸ்டேட்டிக் கவர்' என்று கேட்டால் ரோஸ் நிறக் கவரையோ வெள்ளி நிறக் கவரையோ எடுத்துக் கொடுப்பார்கள், இரண்டும் உதவாது. ரோஸ் கவரின் மின்தடை மல்டிமீட்டரின் எல்லையைத் தாண்டும். வெள்ளி நிறத்தில் உலோகப் படலம் உள்ளே இருக்கும், வெளிப்பக்கம் கடத்தாது. சந்தேகம் இருந்தால் மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் ஷீட்டின்மேல் அழுத்திப் பாருங்கள். கிலோ ஓம் கணக்கில் ஏதாவது எண் வந்தால் அது சரியான சரக்கு.

ஈஎஸ்பி32 டெவ்கிட் போர்டு ஒன்று. காப்பர் டேப், 20 மி.மீ. அகலத்தில் அரை மீட்டர். மெல்லிய சிலிகான் ஒயர், பல இழை கொண்டது, ஒரு மீட்டர். ஒற்றைக் கம்பி ஒயர் வேண்டாம்; இரண்டு நாளில் முறியும். ரெசிஸ்டர்களில் 1 கிலோ ஓம், 2.2 கிலோ ஓம், 4.7 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ஒவ்வொன்றிலும் இரண்டு. 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று.

தையல் சாமான் கடையில்: 4 செ.மீ. அகல எலாஸ்டிக் 20 செ.மீ., அதே அகலத்தில் இழுபடாத பருத்தி நாடா ஒரு மீட்டர், வெல்க்ரோ 15 செ.மீ., உலோக பிரஸ் பட்டன் இரண்டு ஜோடி. செருப்புக்குள் வைக்கும் மெத்தென்ற ஃபோம் ஷீட்டில் ஒரு துண்டு. சென்னை ரிச்சி தெருவில் சுற்ற நேரமிருந்தால் போர்டும் ரெசிஸ்டர்களும் கையோடு வாங்கிவிடலாம். எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாயை ஒட்டி வரும். மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிசி போர்டிலேயே உண்டு; தனியாக 16 பிட் ஏடிசி மாட்யூல் வாங்கலாமா என்று பலரும் கேட்பார்கள். இந்த வேலைக்குத் தேவையில்லை. ஏன் என்பது கீழே கணக்கில் தெரியும்.

சென்சாரைச் செய்தல்

காப்பர் டேப்பில் 20 × 30 மி.மீ. துண்டுகள் இரண்டு வெட்டுங்கள். பழைய பிளாஸ்டிக் ஃபைல் கவரிலிருந்து 35 × 50 மி.மீ. துண்டுகள் இரண்டு. ஒவ்வொரு பிளாஸ்டிக் துண்டின் நடுவிலும் ஒரு காப்பர் துண்டை ஒட்டுங்கள். நகத்தால் தேய்த்துச் சுருக்கமில்லாமல் படிய வையுங்கள். சிறு சுருக்கம் இருந்தாலும் அந்த மேடு மட்டுமே வெலோஸ்டாட்டைத் தொடும். பிறகு சென்சார் மூச்சைக் கேட்காது, அந்த மேட்டைத்தான் கேட்கும்.

வெலோஸ்டாட்டை உள்ளே வைக்கும் முன்பே ஒயரைச் சால்டர் செய்துவிடுங்கள். பாலித்தீன் 110 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும், சால்டரிங் முனையோ 300 டிகிரிக்கு மேல். வரிசையை மாற்றினால் சென்சாருக்கு நடுவில் ஓட்டை விழும். ஒயரைக் காப்பரின் ஒரு ஓரத்தில், மூலையை ஒட்டி வையுங்கள். இரண்டு நொடிக்கு மேல் சூடு காட்டாதீர்கள். கீழே இருக்கும் பசையும் ஃபைல் கவரும் இளகிவிடும். சால்டர் குமிழ் உயரமாக நின்றால் நகவெட்டியின் அரத்தால் தேய்த்துத் தட்டையாக்குங்கள். மேல் துண்டின் சால்டரும் கீழ்த் துண்டின் சால்டரும் நேருக்கு நேர் வரக் கூடாது. ஒன்று இடது ஓரம் என்றால் மற்றது வலது ஓரம்.

வெலோஸ்டாட்டை 26 × 36 மி.மீ. அளவில் வெட்டுங்கள். காப்பரைவிட நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதல். இந்த விளிம்பு இல்லாவிட்டால் வளையும்போது இரண்டு காப்பரும் ஓரத்தில் தொட்டு ஷார்ட் ஆகும். ஒன்றுக்குப் பதில் இரண்டு அடுக்கு வெலோஸ்டாட் வைப்பது நல்லது. ஒற்றை அடுக்கில் பட்டையைக் கட்டிய மாத்திரத்திலேயே மின்தடை தரை தட்டிவிடும். அதற்குமேல் மூச்சுக்கு இறங்க இடம் இருக்காது.

கீழ்த் துண்டு, இரண்டு வெலோஸ்டாட், மேல் துண்டு என்று அடுக்கி மூன்று பக்கம் மட்டும் சாதாரண டேப் ஒட்டுங்கள். நான்காவது பக்கம் திறந்தே இருக்கட்டும். நான்கையும் அடைத்தால் உள்ளே மாட்டிய காற்று பலூன் மாதிரி நின்று, அழுத்தத்துக்குத் தாமதமாகவே பதில் சொல்லும். டேப்பை இழுத்து ஒட்டவும் கூடாது. இழுத்தால் அந்த இறுக்கமே நிரந்தர அழுத்தமாகிவிடும்.

இப்போது மல்டிமீட்டரை 200 கிலோ ஓம் நிலையில் வைத்து இரண்டு ஒயரிலும் தொடுங்கள். சும்மா மேசைமேல் கிடக்கும்போது பத்தாயிரக் கணக்கில் ஓம் காட்டுவதும், கட்டைவிரலால் அழுத்தினால் ஓரிரு ஆயிரத்துக்கும் கீழே இறங்குவதும் நல்ல சென்சாரின் அடையாளம். துல்லியமான எண் ஆளுக்கு ஆள், துண்டுக்குத் துண்டு மாறும். சும்மா கிடக்கும்போதே 100 ஓமுக்குக் கீழே காட்டினால் எங்கோ ஷார்ட். எவ்வளவு அழுத்தினாலும் அசையவில்லை என்றால் சால்டர் ஒட்டவில்லை அல்லது பாதுகாப்புத் தாளை உரிக்காமலே வைத்திருக்கிறீர்கள். சிரிக்க வேண்டாம், அடிக்கடி நடப்பதுதான்.

பட்டையைத் தைத்தல்

முழுப் பட்டையும் எலாஸ்டிக்காக இருந்தால் நல்லது என்றுதான் தோன்றும். கணக்கு வேறு சொல்கிறது. அமைதியாக மூச்சு விடும்போது மார்பின் சுற்றளவு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கே கூடும். 75 செ.மீ. முழுவதும் எலாஸ்டிக் என்றால் அந்த ஒரு சென்டிமீட்டர் எல்லா நீளத்துக்கும் பங்கு பிரிந்து 1.3 சதவீத இழுப்பாகிவிடும். 15 செ.மீ. மட்டும் எலாஸ்டிக், மீதி பருத்தி நாடா என்றால் அதே சென்டிமீட்டர் 6.7 சதவீத இழுப்பு. இழுவிசையில் ஐந்து மடங்கு வித்தியாசம். எலாஸ்டிக்கை 15 செ.மீ.க்கும் கீழே குறைத்தால் சிக்னல் இன்னும் பெரிதாகும், ஆனால் மூச்சே இறுக்கமாகத் தெரியும். அளக்கப்போன மூச்சை நாமே மாற்றுவதாகிவிடும்.

வாங்கியதில் 18 செ.மீ. எலாஸ்டிக்கை வெட்டி, இரண்டு முனையிலும் 1.5 செ.மீ. மடித்து நாடாவோடு தைத்தால் வேலை செய்யும் நீளம் 15 செ.மீ. நிற்கும். நேர்த் தையல் வேண்டாம், வளைந்து வளைந்து போகும் ஜிக்ஜாக் தையல் போடுங்கள். நாடாவின் இரு முனைகளிலும் வெல்க்ரோ.

சென்சார் உட்காரும் இடம் எலாஸ்டிக்கில் அல்ல, அதற்குப் பக்கத்து நாடாவில். எலாஸ்டிக்மேல் வைத்தால் அது நீளும்போது சென்சார் சுருண்டு, அழுத்தமும் வளைவும் கலந்து குழப்பும். நாடாவின் உள்பக்கத்தில் 6 × 5 செ.மீ. அளவில் மெல்லிய துணிப் பை தையுங்கள். சென்சாரின் உடம்பைப் பார்த்த பக்கத்தில் 15 × 20 மி.மீ. ஃபோம் துண்டை ஒட்டி அதைப் பைக்குள் செருகுங்கள். 3 மி.மீ. கனம் போதும். இந்தத் திண்டு இல்லாவிட்டால் பட்டையின் அழுத்தம் அகலமாகப் பரவிச் சென்சாருக்குக் கொஞ்சமே கிடைக்கும். திண்டு வைத்தால் அந்த இடத்தில் பட்டை லேசாக எழும்பி, இழுவிசை முழுதும் திண்டின் வழியே சென்சாருக்கு வரும். இந்தப் பட்டையிலேயே மலிவான பாகம் இதுதான். சிக்னலை அதிகம் கூட்டுவதும் இதுதான்.

எங்கே கட்டுவது? வட்டமான பரப்பில் பட்டை தரும் அழுத்தம், வளைவு கூர்மையாக இருக்கும் இடத்தில்தான் அதிகம். மார்பின் நட்டநடுவில் நெஞ்செலும்பையொட்டி லேசான பள்ளம்; அங்கே பட்டை தொங்கும், அழுத்தாது. அக்குளுக்கு நேர்கீழே, சற்று முன்பக்கமாக விலா வளையும் இடத்தில் சென்சார் வரட்டும். உயரம் மார்புக் கூட்டின் அடிப்பகுதி. பெண்களுக்கு மார்பகத்துக்குக் கீழே. படுத்திருப்பவருக்கு வயிற்றில், தொப்புளுக்குச் சற்று மேலே கட்டினால் அலை இன்னும் பெரிதாக வரும். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும்.

வெறும் தோலின்மேல் கட்டாதீர்கள், பனியனுக்கு மேல் கட்டுங்கள். வியர்வையின் உப்பு காப்பரில் பச்சைக் களிம்பை ஏற்றும். நம் ஊர் மே மாதத்துக்கு ஒரு வாரம் போதும். சென்சார் ஒயர்களை பிரஸ் பட்டன்களில் சால்டர் செய்து, பையின் வாயில் மாட்டிக் கழற்றும்படி வைத்தால் பட்டையை மட்டும் துவைத்துக்கொள்ளலாம்.

மின்சுற்று

பட்டையைக் கட்டிக்கொண்டு மல்டிமீட்டரால் இரண்டு அளவு எடுங்கள்: மூச்சை வெளியே விட்ட நிலையில், நன்றாக இழுத்து நிறுத்திய நிலையில். உதாரணமாக 3.2 கிலோ ஓமும் 1.6 கிலோ ஓமும் வந்தன என்று வைப்போம். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 2.26. பக்கத்தில் கடையில் கிடைப்பது 2.2 கிலோ ஓம். உங்கள் நிலையான ரெசிஸ்டர் அதுதான். இணையத்தில் பார்த்த 10 கிலோ ஓமைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் சிக்னல் மேல்முனையில் ஒட்டிக்கொள்ளும்; ஈஎஸ்பி32-இன் ஏடிசி அந்தப் பகுதியில் நேர்கோட்டில் படிக்காது.

இணைப்பு இதுதான். போர்டின் 3.3 வோல்ட்டிலிருந்து சென்சாரின் ஒரு ஒயர். மற்ற ஒயர் 2.2 கிலோ ஓம் வழியே கிரவுண்டுக்கு. இரண்டும் சேரும் புள்ளியிலிருந்து 10 கிலோ ஓம் வழியே போர்டின் 34-ஆம் எண் பின்னுக்கு (ஜிபிஐஓ 34). அந்தப் பின்னிலிருந்து 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் கிரவுண்டுக்கு, எதிர்முனை கிரவுண்டைப் பார்க்க. இந்த 10 கிலோ ஓமும் கெபாசிட்டரும் சேர்ந்து சுமார் 1.4 ஹெர்ட்ஸுக்கு மேலான அதிர்வுகளை அடக்கும். மூச்சு நிமிடத்துக்கு 20 என்றாலும் அது 0.33 ஹெர்ட்ஸ்தான், ஆகவே இந்த வடிகட்டி அதைத் தொடாது.

பின் எண்ணை மாற்றும் ஆசை இருந்தால் 32 முதல் 39 வரை உள்ளவற்றில் போர்டில் வெளியே கொண்டுவந்த ஏதாவது ஒன்றுக்கு மாற்றுங்கள். மற்ற அனலாக் பின்கள் இரண்டாவது ஏடிசியைச் சேர்ந்தவை. வைஃபை ஓடும்போது அவை வேலை செய்யாது. வைஃபை இல்லாமல் சோதித்து நன்றாக ஓடிய பட்டை, போனுக்கு அனுப்பத் தொடங்கியதும் செத்துப்போகும் மர்மம் இதுதான்.

ஏடிசி மாட்யூல் ஏன் வேண்டாம் என்ற கணக்கு: அமைதியான மூச்சில் மின்தடை 3.2-இலிருந்து 2.7 கிலோ ஓமுக்கு இறங்கினால், புள்ளியின் மின்னழுத்தம் 1.34-இலிருந்து 1.48 வோல்ட்டுக்கு ஏறும். வித்தியாசம் 0.14 வோல்ட். ஈஎஸ்பி32-இன் ஒரு படி 0.8 மில்லிவோல்ட் வாக்கில், அதாவது ஒரு மூச்சு சுமார் 170 படி உயரம். இரைச்சல் பத்திருபது படி இருந்தாலும் எண்ணிவிடலாம்.

மின்சாரம் எங்கிருந்து? முதல் முறைக்கு ஓடிஜி கேபிளில் போனையே இணைத்துவிடுங்கள். லேப்டாப்பில் இணைத்தால் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பட்டையைக் கட்டுங்கள். பாதுகாப்புக்கும் அதுதான் நல்லது, 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் ஒழியும். லித்தியம் பேட்டரி ஆசை வந்தவர்களுக்கு இரண்டு கண்ணிவெடிகள். பெரும்பாலான டெவ்கிட் போர்டுகளில் மின்னழுத்தத்தைச் சீராக்கும் 1117 வகை ரெகுலேட்டருக்கு 3.3 வோல்ட் தர, உள்ளே ஏறத்தாழ 4.4 வோல்ட் வேண்டும். 3.7 வோல்ட் பேட்டரியை நேரே விஐஎன் என்ற மின்சார நுழைவுப் பின்னில் கொடுத்தால் வைஃபை எழும்பும் ஒவ்வொரு முறையும் போர்டு ரீசெட் ஆகும். அடுத்தது லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டிபி4056 என்ற சிறு போர்டு: கடையில் வருவதுபோலவே அது 1 ஆம்பியர் தள்ளும். 500 மில்லி ஆம்பியர்-மணி (எம்ஏஎச்) பேட்டரிக்கு அது இருமடங்கு, பேட்டரி வீங்கும். அதன் 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கழற்றி 4.7 கிலோ ஓம் வைத்தால் 250 மில்லி ஆம்பியர் பக்கம் இறங்கும். பேட்டரியைக் கழுத்தருகேயோ முதுகுக்குக் கீழேயோ வைத்துத் தூங்க வேண்டாம்.

நிரல் செய்ய வேண்டிய வேலை

எந்த மொழியில் எழுதினாலும் வேலை இதுதான். 50 மில்லிநொடிக்கு ஒருமுறை ஓர் அளவு. அந்த ஓர் அளவுக்கு ஒரு மில்லிநொடி இடைவெளியில் 20 முறை படித்துச் சராசரி எடுங்கள். இருபது என்ற எண்ணுக்குக் காரணம் உண்டு: நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதன் ஒரு சுற்று 20 மில்லிநொடி. முழுச் சுற்றுக்குச் சராசரி எடுத்தால் ரீங்காரம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்.

அடுத்து, இரண்டு ஓடும் சராசரிகளை வைத்துக்கொள்ளுங்கள். வேகமானது, புதிய அளவுக்கும் தனக்கும் உள்ள வித்தியாசத்தில் 0.14 பங்கைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். மெதுவானது 0.006 பங்கை மட்டும் சேர்க்கும். வேகமானதிலிருந்து மெதுவானதைக் கழித்தால் கிடைப்பதுதான் மூச்சலை. சூட்டாலும் அமுங்கலாலும் வரும் சரிவெல்லாம் மெதுவானதோடு போய்விடும். தொடக்கத்தில் இரண்டுக்கும் முதல் அளவையே கொடுங்கள். பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் முதல் அரை நிமிடம் வெறும் குப்பைதான் வரும். கொடுத்தாலும், பட்டையைக் கட்டிய பின் 30 நொடி விட்டே எண்ணிக்கையை நம்புங்கள்.

கடந்த 15 நொடியில் அலையின் உச்சத்துக்கும் அடிக்கும் உள்ள உயரத்தைப் பாருங்கள். அதன் 20 சதவீதத்துக்கு மேலே அலை எழும்போது 'மூச்சு தொடங்கியது' என்று நேரத்தைக் குறியுங்கள். பிறகு அதே 20 சதவீதம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும் வரை அடுத்த மூச்சை ஏற்காதீர்கள். வெறும் பூஜ்யத்தைத் தாண்டுவதை மட்டும் எண்ணினால் சிறு நடுக்கமும் மூன்று மூச்சாகிவிடும். 1.5 நொடிக்குக் குறைவான, 10 நொடிக்கு மேலான இடைவெளிகளைத் தள்ளிவிடுங்கள்.

கடைசி ஐந்து இடைவெளிகளின் சராசரியை எடுக்காமல், அவற்றை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுங்கள். ஒரு இருமல் என்ன செய்யும் என்று பாருங்கள். இடைவெளிகள் 3.9, 4.1, 1.6, 2.4, 4.0 நொடி. இருமல் நடுவில் புகுந்து ஒரு மூச்சை இரண்டாக உடைத்திருக்கிறது. சராசரி 3.2 நொடி, அதாவது நிமிடத்துக்கு 19. நடுவெண் 3.9 நொடி, அதாவது 15. உண்மை இரண்டாவதுதான்.

அலையின் உயரம், பட்டை மேசைமேல் கிடக்கும்போது வரும் இரைச்சலின் நான்கு மடங்கைவிடக் குறைந்தால் 'சிக்னல் இல்லை' என்று காட்டுங்கள். பூஜ்யம் காட்டக் கூடாது. பட்டை நழுவியதற்கும் மூச்சு நின்றதற்கும் இந்தக் கருவிக்கு வித்தியாசம் தெரியாது. இரவில் திரையில் பூஜ்யத்தைப் பார்க்கும் வீட்டாரின் கதியை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரியாக எண்ணுகிறதா?

போனில் மெட்ரோனோம் செயலி இறக்கி, அதன் தாளத்துக்கு நிமிடத்துக்கு 10, 15, 20, 25 என்று ஒவ்வொன்றிலும் மூன்று நிமிடம் மூச்சு விடுங்கள். தலை கிறுகிறுத்தால் வேகமான தாளங்களை விட்டுவிடுங்கள். உட்கார்ந்த நிலையில் ஒன்று கூடவோ குறையவோ இருந்தால் போதும். பிறகு பத்து நொடி மூச்சை நிறுத்துங்கள். கோடு ஏறத்தாழத் தட்டையாகப் போக வேண்டும். அப்போது சின்னச் சின்ன அலைகள் நொடிக்கு ஒன்றுக்குச் சற்று மேல் தெரிந்தால் அது இதயத் துடிப்பு. சென்சார் நன்றாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒப்பிட, இன்னொருவர் முழு 60 நொடி எண்ண வேண்டும். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கும் பழக்கத்தில் ஒரு மூச்சுப் பிழை நான்காகிவிடும். அப்போது குறை பட்டையிலா எண்ணியவரிடமா என்றே தெரியாது.

நடக்கும்போதும் பேசும்போதும் வரும் எண்ணை ஏற்காதீர்கள். காலடிகளை வடிகட்டி அடக்கினாலும், இடமும் வலமுமாக உடம்பு ஆடும் ஆட்டம் பாதி வேகத்தில் வந்து கலக்கும்.

அடிக்கடி வரும் கோளாறுகள்

மூச்சு இழுக்கும்போது கோடு இறங்குகிறதா? சென்சாரும் ரெசிஸ்டரும் இடம் மாறியிருக்கின்றன. எண்ணிக்கைக்குப் பாதகமில்லை, நிரலில் குறியை மாற்றினாலும் போதும்.

உச்சிகள் வெட்டின மாதிரித் தட்டையாக நிற்கின்றன என்றால் பட்டை இறுக்கம் அதிகம் அல்லது ரெசிஸ்டர் பெரிது. இரண்டு விரல் சோதனையைச் செய்துவிட்டு ரெசிஸ்டரைக் குறையுங்கள். திடீர் திடீரென்று செங்குத்தாக விழும் கோடுகள், ஒயர் சால்டரை விட்டு விலகப் பார்ப்பதன் முன்னறிவிப்பு. வளையும் சென்சார்களில் முதலில் உயிரை விடுவது வளையும் பாகமல்ல. வளைவதும் வளையாததும் சந்திக்கும் மூட்டுதான். சால்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி ஒயரைத் துணியோடு சேர்த்து நாலு தையல் போட்டுவிட்டால் இழுப்பெல்லாம் தையலோடு நின்றுவிடும்.

ஒன்றின்மேல் ஒன்றாகக் காப்பர் டேப்பை ஒட்டி நீளத்தைக் கூட்டியிருந்தால் அந்த ஒட்டும் ஒரு சந்தேகம். டேப்பின் பசை பெரும்பாலும் மின்சாரம் கடத்தாது. அங்கே ஒரு சொட்டு சால்டர் வையுங்கள்.

மாதம் ஒன்றானதும் சிக்னல் பாதியாகிவிட்டதா? சென்சாரைத் திறந்தால் வெலோஸ்டாட்டில் திண்டின் தடம் பதிந்து பளபளப்பாகத் தெரியும். அந்தத் துண்டின் ஆயுள் முடிந்தது. ஒரு ஷீட்டில் 26 × 36 மி.மீ. துண்டுகள் 70 வரும். இரண்டிரண்டாக வைத்தாலும் 35 சென்சாருக்குக் காணும்.

எண்ணை எப்படிப் படிப்பது

ஓய்வில் இருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை வழக்கமானது. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2017-இல் வெளியிட்ட நியூஸ்2 என்ற நோயாளி மதிப்பீட்டில் (மதிப்பெண் கூடக் கூட ஆபத்து அதிகம்) இந்த வரம்புக்கு மதிப்பெண் பூஜ்யம், 21 முதல் 24 வரை இரண்டு, 25-உம் அதற்கு மேலும் மூன்று. அது மருத்துவமனைப் படுக்கைக்கு எழுதியது என்றாலும் எண்ணின் கனத்தைப் புரிந்துகொள்ள உதவும். வீட்டில் அதைவிடப் பயனுள்ளது அவரவர் வழக்கம். நன்றாக இருக்கும் நாட்களில் ஒரு வாரம், இரவு படுத்த அரை மணிக்குப் பின் வரும் எண்ணைக் குறித்து வையுங்கள். வழக்கமாக 14 வருபவருக்குக் காய்ச்சலோடு 22 தொடர்ந்து நின்றால், முதலில் பட்டையைக் கழற்றிவிட்டுக் கண்ணால் ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். அதுவும் ஒத்துப்போனால் டாக்டரிடம் பட்டையின் எண்ணைச் சொல்லாமல், எண்ணிய எண்ணைச் சொல்லுங்கள். மூச்சு வாங்குவது கண்ணுக்கே தெரிந்தால், உதடு நீலம் பாய்ந்தால் பட்டை என்ன காட்டினாலும் உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

குழந்தைகளுக்கு இதைக் கட்டாதீர்கள். அவர்கள் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து எண்ணுவதே சரி. உலக சுகாதார அமைப்பின் கணக்கில் 2 முதல் 11 மாதம் வரை 50-உம், 1 முதல் 5 வயதுக்குள் 40-உம் எட்டினால் அது வேக மூச்சு. தூக்கத்தில் மூச்சு நிற்கும் கோளாறு உள்ளவர்களுக்கு எச்சரிக்கை மணியாகவும் இதை வைக்கக் கூடாது. பட்டை புரண்டு நழுவினால் அது வாயை மூடிக்கொண்டுதான் இருக்கும்.